ஏழாவது ஃபாரம்

ஓடிப்போய்விட்டாளாம்! அதுவும் மாட்டு டாக்டரோடு! சொல்கிற வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டாமா? நாற்பத்தெட்டு வயதுக்காரி, இருபத்திரண்டு வருடமாக ஒரே பைண்டிங் கூடத்துக்குப் போய் வருகிறவள். நேற்றுக் காலையில் கிளம்பினாள். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மூன்று தெருவுக்குக் கதை போய்விட்டது. ஓடிப்போகிறவள் துவைத்த துணியைக் கொடியில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கிளிப் மாட்டி, "மழை வந்தா உள்ள எடுத்துப் போடுங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டா போவாள்? அந்தப் புருஷனே கையில் குடையைக் கொடுத்து அனுப்புவாரா? மாட்டு டாக்டரை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அந்த மனிதருக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் வலி. ஓடுவது இருக்கட்டும், முதலில் அவர் நடக்க வேண்டும்.

மாடிவீட்டுக்காரி தன் இரண்டு காதாலும் கேட்டேன் என்கிறாள். கேட்டிருப்பாள். அது பொய்யில்லை. யானையின் வாலைத் தடவிவிட்டு விளக்குமாறு என்றானே ஒருவன், அவன் சொன்னதும் பொய்யில்லைதான். ஆனால் வாலுக்கு முன்னால் ஒரு முழு யானை நிற்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு அடங்காது.

கூடத்தில் அவளுக்குத் 'தராசு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. அந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், அவள் செய்கிற வேலை அப்படி. அச்சகத்திலிருந்து பாய் மாதிரி பெரிய தாளாக வரும். அதை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். அதற்கு ஃபாரம் என்று பெயர். நடுத்தரமான ஒரு புத்தகத்துக்குப் பன்னிரண்டு ஃபாரம். நீள மேசையில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று பன்னிரண்டு அடுக்கு வைத்திருப்பார்கள். மேசையோரமாக நடந்துகொண்டே ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒன்று எடுத்துக் கையில் சேர்த்துக்கொண்டு போனால், அந்தக் கோடியில் ஒரு புத்தகம். திரும்பி வந்தால் அடுத்த புத்தகம். இப்படி நடந்து நடந்து அவளுக்குச் செருப்பு தேய்ந்த மாதிரி வேறு யாருக்கும் தேய்ந்ததில்லை.

சேர்த்த கட்டை உள்ளங்கையில் ஒரு தரம் ஏந்திப் பார்ப்பாள். "இதுல ஒண்ணு குறையுது" என்பாள். எண்ணிப் பார்த்தால் குறைந்திருக்கும். ஒருமுறை மேஸ்திரி வேண்டுமென்றே ஒரு கட்டிலிருந்து ஒரு ஃபாரத்தை உருவிவிட்டு நூறு கட்டுக்கு நடுவில் வைத்தார். அவள் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தூக்கி, அதை மட்டும் அவர் மடியில் போட்டாள். "உங்க குழந்தையை நீங்களே வச்சுக்குங்க மேஸ்திரி" என்றாள். அன்றிலிருந்து தராசு.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. அடுக்கும்போது படிக்கக் கூடாது. படிக்கிற கண் இருந்தால் எடுக்கிற கை தப்பும். ஆயிரக்கணக்கான புத்தகம் கை வழியாகப் போனாலும் ஒரு வரி பார்க்க மாட்டாள். படிப்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில். அப்படிப் படித்துப் படித்துத்தான் அவளுக்கு எழுதுகிற ஆசை பிடித்தது. கழிவுத் தாளின் வெள்ளைப் பக்கத்தில், பசைவாளியைத் தள்ளி வைத்துவிட்டு, பதினொரு வருடம் எழுதினாள். அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர் கதை. தங்கை ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். ஏன் போனாள் என்பதுதான் கதையின் உயிர். அக்கா சொன்ன ஒரே ஒரு வார்த்தைதான் காரணம். கதையில் பாதி நடந்தது, பாதி நடக்காதது. எந்தப் பாதி எது என்று புருஷனுக்குக்கூட அவள் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தை வருகிற இடத்தை எழுதுவதற்கு மட்டும் நாலு வருடம் ஆயிற்று.

கூடத்துக்கு வேலை கொடுக்கிற பதிப்பாளர் ஒருநாள் அதை வாங்கிப் போய்ப் படித்தார். போட்டுவிடலாம் என்றார். ஐந்நூறு பிரதி. அச்சாகி வந்த அன்று மேஸ்திரி, "நீ இன்னிக்கு உக்காரும்மா, வேற ஆளு அடுக்கட்டும்" என்றார். "என் பிள்ளைக்கு நான்தான் தலை வாரணும்" என்று பிடிவாதமாக மேசைக்குப் போனாள். யார் சொல்லியும் கேட்கிற ஜாதியில்லை அவள்.

அடுத்த மாதம் வாரப் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க. எழுதியவர் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர். வாராவாரம் அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் தடிமனான கண்ணாடியோடு அவர் படம் இருக்கும். கூடத்தில் எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். மேஸ்திரி வெட்டு மெஷினை நிறுத்திவிட்டுச் சத்தமாகப் படித்தார். முதல் வரியில் குரல் நிமிர்ந்திருந்தது. மூன்றாவது வரியில் குனிந்துவிட்டது.

"முதல் நூறு பக்கத்தையும் பிழிந்தால் ஒரு குடம் கண்ணீர் தேறும்" என்று ஆரம்பித்திருந்தார். தங்கை வீட்டைவிட்டுப் போகிறாளே, எதற்காக என்று ஆசிரியருக்கே தெரியவில்லை, கதையின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்று அடுத்த வரி. அதற்குப் பிறகு வந்ததுதான் விசித்திரம். பாதி வாக்கியத்தில் கதையை ஒடித்துவிட்டு, திடீரென்று ஒரு மாட்டு டாக்டர் வருகிறாராம். கொட்டுகிற மழையில், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, தலைகீழாகச் சிக்கிய கன்றை வெளியே எடுக்கிறாராம். "இந்தச் சில பக்கங்களில் மட்டுமே ஆசிரியர் வாழ்ந்திருக்கிறார். இதை மட்டும் எழுதியிருந்தால் போதும். மற்றதை எழுதாமலே இருந்திருக்கலாம்." அப்படி முடித்திருந்தார்.

மேஸ்திரி பத்திரிகையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"மாட்டு டாக்டர் எப்பம்மா வராரு?" என்று மேஸ்திரி கேட்டார். "நான் படிச்சப்ப வரலையே?"

"நான் எழுதினப்பவும் வரலை மேஸ்திரி."

திட்டு வாங்கிய எழுத்தாளர்கள் அழுவார்கள், பத்திரிகையைக் கிழிப்பார்கள், பதில் கடிதம் போடுவார்கள் என்று பதிப்பாளர் சொன்னார். ஒருவர் பத்து வருடம் அந்தப் பத்திரிகை ஆபீஸ் இருக்கிற தெரு வழியாகவே போகவில்லையாம். "நீ அழு, நாளைக்கு வேலைக்கு வா. திட்டு வந்தா நல்லதுதான், நாலு பேரு பேசுறாங்கல்ல" என்றார். அவளுக்கு அழவும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எதற்குக் கோபப்படுவது? அந்த ஆள் தன் புத்தகத்தைத்தான் சொல்கிறாரா? அக்கா கட்டுகிற சாயம் போன நீலப் புடவை, ஒடிந்த குடைக்கம்பி, முதல் வரி, கடைசி வரி எல்லாம் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். அவளுடைய புத்தகம்தான். ஆனால் அதில் மாடு ஏது?

வீட்டுக்கு வந்து தன் பிரதியை எடுத்தாள். பக்கம் பக்கமாகத் தேடினாள். மாட்டைக் காணோம், கன்றைக் காணோம், டாக்டரைக் காணோம். மறுபடி முதலிலிருந்து தேடினாள். மனசுக்குள் ஒரு பயம் பூனை மாதிரி நுழைந்தது. அவளுடைய அம்மாவுக்கு அறுபது வயதில் மறதி வந்தது, பெற்ற மகளைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள். நமக்கு நாற்பத்தெட்டிலேயே வந்துவிட்டதா? எழுதியது மறந்துபோயிற்றா? மறந்து போனாலும், கண்ணுக்கு முன்னால் இருக்கிற பக்கத்தில் தெரியாமலா போகும்?

புருஷன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். கம்பியைத் தவிர எதையும் நம்பாத மனிதர். அவரும் முன்வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே முழுப் புத்தகமும் படித்தார். இரண்டு நாள் ஆயிற்று.

"டாக்டர் இல்ல" என்றார்.

"இல்லைல்ல?"

"இல்ல." கொஞ்ச நேரம் முகவாயைத் தடவினார். "எங்கயோ ரெண்டு லைன் கலந்திருக்கு." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார், "அப்படி யாராச்சும் டாக்டர் உனக்குத் தெரியுமா?"

"ஏங்க, இந்த வீட்டுல ஒரு பூனை வளர்த்தோமா? மாட்டு டாக்டர்கிட்ட நான் எதைக் கூட்டிட்டுப் போவேன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் ஓரமாக ஒரு மாடு கட்டியிருந்தது. நின்று அதைப் பார்த்தாள். ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று பார்த்தாள். மாடும் அவளைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை.

இதற்குள் விமர்சனத்தைப் பார்த்த மாடிவீட்டுக்காரி நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் நூலகத்தில் எடுத்த முதல் புத்தகம் அதுதான். படிக்கட்டில் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு உரக்கப் படித்தாள். "நனைஞ்ச சட்டையோட நின்னாராம் டாக்டர்! இதெல்லாம் பக்கத்துல நின்னு பாக்காம எழுத வருமா? பத்திரிகைக்காரரே போட்டிருக்காரு, இங்கதான் இவ வாழ்ந்திருக்கான்னு." கொடியில் துணி போட வந்த தராசின் காதில் அது விழுந்தது. கையிலிருந்த ஈரத் துணியோடு அப்படியே படியேறிப் போனாள்.

"எங்க இருக்கு டாக்டர்? காட்டு."

"உன் புஸ்தகத்தை நான் உனக்குக் காட்டணுமா? நல்லா இருக்கே!"

"காட்டுக்கா, புண்ணியமாப் போகும்."

காட்டினாள். தொண்ணூற்றேழாவது பக்கம். தொண்ணூற்றாறு முடிகிற இடத்தில் அக்கா கதவைத் திறந்துகொண்டே, "நீ இந்த வீட்டுல" என்று ஆரம்பிக்கிறாள். பக்கத்தைத் திருப்பினால், "வயிற்றுக்குள் கையை முழங்கை வரை விட்டபோது கன்றின் பின்னங்கால் தட்டுப்பட்டது" என்று வருகிறது. நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் கன்றும் மழையும். நூற்றுப் பதின்மூன்றில் தங்கை வீட்டில் இல்லை.

புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கினாள். தன் பிரதியை வலது கையில் வைத்தாள், நூலகப் பிரதியை இடது கையில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஏந்திப் பார்த்தாள். குன்றிமணி வித்தியாசம் இல்லை. இருபத்திரண்டு வருடம் பொய் சொல்லாத கை. அதுதான் ஏமாற்றியிருக்கிறது. ஒரு ஃபாரம் குறைந்தால் அந்தக் கைக்குத் தெரியும். அதே கனத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால் எப்படித் தெரியும்?

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எதிரே சமையலறை அலமாரி. தட்டுகளுக்கு அடியில் விரித்திருந்த அச்சுத் தாளில் அவளுடைய வரிகள். புத்தகம் அடுக்கி முடித்த அன்று ஏழாவது ஃபாரம் மட்டும் ஐம்பது மிச்சமாயிற்று. அச்சகத்தில் கூடுதலாக ஓட்டியிருப்பார்கள் என்று மேஸ்திரி சொன்னார். கழிவுக்குப் போட மனசு வராமல் கட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்து, ஒன்றிரண்டை அலமாரியில் விரித்திருந்தாள். அதே நாளில் பக்கத்து மேசையில் ஓடிய ஒரு புத்தகத்துக்கு ஏழாவது ஃபாரம் ஐம்பது குறைந்துபோய், மேஸ்திரி அச்சகத்தைத் திட்டிக்கொண்டே நானூற்றைம்பதோடு நிறுத்தினார். ஒரு மாட்டு டாக்டர் தன் அனுபவங்களை எழுதிய புத்தகம் அது. அதே அளவு, அதே தாள், அதே எழுத்து. கட்டுகளின் மேல் மேஸ்திரி சுண்ணாம்புக் கட்டியால் வெறும் எண் மட்டும் போடுவார். இரண்டிலும் '7'. ஃபாரம் மாறினால் கண்டுபிடிப்பதற்காக முதுகில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கட்டு மாதிரி இறங்கி வரும். ஏழாவதுக்கு ஏழாவது வந்தால் படிக்கட்டு எப்படி உடையும்? கோடு சரி, பக்க எண் சரி, கனம் சரி.

எப்படி மாறியது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அவள் படித்தாள். தன் வார்த்தை அச்சில் கிடப்பதைப் பார்த்ததும் சட்டத்தை மறந்து, ஏழாவது அடுக்கு வந்தபோதெல்லாம் அக்கா சொல்கிற அந்த வார்த்தையைப் படித்தாள். அடுக்கு தீர்ந்தது. கண் கலங்கியிருந்தது. கை பின்னால் போய்க் கிடைத்த '7' கட்டை எடுத்து மேசையில் வைத்தது. அந்த ஐம்பதை அடுக்கும்போது, அழுகிறோமே என்ற வெட்கத்தில் தலையைத் திருப்பிக்கொண்டாள். படிக்கக் கூடாத நேரத்தில் படித்தாள், பார்த்திருக்க வேண்டிய நேரத்தில் பார்க்காமல் விட்டாள். அந்த ஐம்பதையும்தான் முதலில் தைத்து, பத்திரிகைகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்பினார்கள்.

மறுநாள் கூடத்தில் எல்லோருக்கும் நடுவில் சொன்னாள். "தப்பு என் கையோடதுதான்." மேஸ்திரி முதலில் சிரித்தார், தராசு ஜோக்கடிக்கிறாள் என்று. பிறகு இரண்டு பிரதியையும் வாங்கிப் பார்த்தார். "நீயாம்மா?" என்றார். "வேற யாராச்சும் இருக்கும்மா. நல்லா யோசி." அன்று முழுக்க அவளை யாரும் தராசு என்று கூப்பிடவில்லை. 'ஏங்க' என்றார்கள், 'இந்தாங்க' என்றார்கள். அது அவளுக்கு விமர்சனத்தைவிட அதிகமாக வலித்தது.

பதிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு பத்திரிகைத் துண்டை எடுத்துப் போட்டார். அதே கண்ணாடிக்காரர், இரண்டு வாரத்துக்கு முன்னால் மாட்டு டாக்டரின் புத்தகத்தைப் பற்றி எழுதியது. "கன்று பிறக்கும் பகுதி ஆஸ்பத்திரிக் குறிப்பேடு போல உயிரில்லாமல் இருக்கிறது" என்று போட்டிருந்தது. அதே பக்கங்கள். அதே மழை. அதே கன்று.

அவள் அதை மூன்று முறை படித்தாள். டாக்டர் எழுதினால் உயிரில்லாத கன்று, அவள் பெயர் போட்ட அட்டைக்குள் வந்தால் துள்ளுகிறதா? அப்படியென்றால் ஓட்டை என்றது? ஒரு குடம் கண்ணீர் என்றது?

"பாத்தியா? இவ்வளவுதான் விமர்சனம்" என்றார் பதிப்பாளர். "எழுபத்தாறு வயசுல முழங்கால் வலியோட டாக்டர் இதைப் படிச்சுட்டு, போன்ல என்ன சொன்னாரு தெரியுமா? மாடு உதைச்சா டாக்டர் திருப்பி உதைக்க முடியாதுன்னாரு. நீயும் விட்டுடு. இன்னொண்ணு சொல்லட்டுமா? கடைக்காரங்க மாட்டு டாக்டர் வர்ற பிரதிதான் வேணும்கிறாங்க."

"அப்ப என் பதினாறு பக்கம்?"

"அதை யாரும் கேக்கலையேம்மா."

அதுதான் அவளை ஆட்டி வைத்தது. மூன்று நாள் வேலைக்குப் போய் வந்தாள். ஆனால் அவள் இங்கே இல்லை. உப்பைப் போட்டோமா என்று தெரியாமல் இரண்டு முறை போட்டாள். சும்மா இருந்துவிட்டால் கெட்ட புத்தகம் எழுதியவள், ஆனால் பதினாறு பக்கம் நன்றாக எழுதியவள் என்ற பெயராவது மிஞ்சும். போய்ச் சொன்னால் அதுவும் போகும். சொன்ன பிறகு அவர் உண்மையான ஏழாவது ஃபாரத்தைப் படித்துவிட்டு, "இதுக்கு மாடே தேவலை" என்றால்? நாலு வருடம் எழுதிய அந்த ஒரு வார்த்தை ஒன்றுமில்லாத வார்த்தையாகிவிட்டால்? நல்லதா கெட்டதா என்று தெரியாமல் இருப்பது நல்லதா, தெரிந்துகொள்வது நல்லதா? யாரிடம் கேட்டாலும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எல்லாமே சரியாகத்தான் பட்டது. அதுதான் குழப்பம்.

நேற்றுக் காலையில் எழுந்தாள். துணி துவைத்தாள், கொடியில் போட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஏழாவது ஃபாரத்தில் ஒன்றை உருவி, கத்தியால் ஓரம் வெட்டி, ஊசியில் நூல் கோத்து முதுகில் மூன்று தையல் போட்டாள். பதினாறு பக்கத்தில் ஒரு குட்டிப் புத்தகம். பழைய காலண்டர் அட்டையில் அதற்கு ஒரு உறை. பையில் வைத்தாள்.

"எங்க?" என்றார் புருஷன்.

"கண்ணாடிக்காரர் ஊருக்கு. பஸ்ல ஒரு நாள் ஆகுமாம்."

"ஆளைப் பத்தித்தான் தெரிஞ்சுபோச்சே. ஒரே கன்னுக்குட்டிய ஒரு வாரம் செத்துப்போச்சுங்கறாரு, இன்னொரு வாரம் துள்ளுதுங்கறாரு. அவருகிட்டப் போய் என்னத்தைக் கேப்ப?"

"தெரியலைங்க. ஆனா கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காரு. நடுவுல ஓட்டை இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காரு. ஓட்டை இருந்துச்சுல்ல?"

அவர் சுவிட்சைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். திருப்புளியைக் கீழே வைத்தார்.

"படிச்சுட்டு மறுபடியும் நல்லா இல்லைன்னுட்டா?"

செருப்பை மாட்டிக்கொண்டே அவள் யோசித்தாள். "அப்ப அது என் புஸ்தகத்தைச் சொன்னதா இருக்கும்ல" என்றாள். சொன்ன பிறகு, அது ஆறுதலா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் எழுந்தார். உள்ளே போய்க் குடையை எடுத்துவந்து கொடுத்தார். கம்பி ஒடிந்த குடை, கதையில் வருகிற அதே குடை. முந்தின நாள் மோட்டார் கம்பியால் அதை இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்.

அவள் வாசலைத் தாண்டினாள். மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தலை சீவிக்கொண்டிருந்த மாடிவீட்டுக்காரி, "என்ன தராசு, பையும் குடையுமா எங்க கிளம்பிட்ட?" என்றாள். ஃபாரத்தையும் கறுப்புக் கோட்டையும் '7' கட்டையும் சுண்ணாம்புக் கட்டியையும் அண்ணாந்து பார்த்து விளக்க நேரமில்லை; பஸ் போய்விடும்.

"எல்லாம் அந்த மாட்டு டாக்டர் விஷயமாத்தான்க்கா" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.